ஒரு செயற்கைக் காலுக்கு எத்தனை கடிதங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரால் அழைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர் என் அப்பா. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முதலில் பால்மரம் (ரப்பர்) சீவியும், பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு குலை வெட்டியும் உழைத்தவருக்கு, இனிப்பு நீரால் (நீரிழிவால்) ஆறாமல் போன குதிகால் புண் ஒன்றின் காரணமாக, 63 வயதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. செயற்கைக் கால் பொருத்தப்படும் வரை 7 மாதங்கள் ஆயின. அவற்றில் 2 மாதங்களேனும் எங்கள் அறியாமையால் வீணானவை என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நாங்கள் தேடியது பணத்தை. அப்பாவின் சேமநிதி 55 வயதிலேயே எடுக்கப்பட்டு, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை விட்டு வெளியேறியபோது வாங்கிய சிறு வீட்டுக்குச் செலவாகிவிட்டது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கு, இயலாமை 60 வயதுக்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதால் அந்த வழியும் இல்லை. ஆகவே, கோயில் தலைவர் எழுதித் தந்த ஒரு கடிதத்துடன், கிள்ளானிலுள்ள ஒரு தொண்டு அமைப்பின் அலுவலகத்திற்கு நானும் தம்பியும் சென்றோம். அங்கிருந்த அம்மையார் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு ஓகேயூ அட்டை எடுத்துட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஓகேயூ அட்டை என்பது மாற்றுத்திறனாளி அட்டை. அதைப் பெற்றவர்களுக்குச் செயற்கை உறுப்பு வாங்கச் சமூகநல இலாகாவே உதவி வழங்குகிறது. அந்த உதவி எவ்வளவு என்று தெரிந்த பிறகு குறைகிற தொகையைத்தான் தங்களால் தர இயலும் என்று அவர் விளக்கினார். கதவை மூடிவிட்டார் என்று அன்று வருத்தப்பட்டோம். உண்மையில், எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று காட்டியவர் அவர்தான்.

அட்டை இலவசம். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு நடைபெறுகிறது. பார்வை, செவிப்புலன், பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என 7 பிரிவுகள் உள்ளன. விண்ணப்பப் பாரத்தில் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்பிக் கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். அப்பா வார்டில் படுத்திருந்தபோதே அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை, வீடு திரும்பிய பிறகு புதிதாக நாள் குறித்துச் சென்றதால் 5 வாரங்கள் இழுத்தது. அடுத்த தவறும் எங்களுடையதே: அப்பாவின் அடையாள அட்டையில், இடிக்கப்பட்டு எத்தனையோ ஆண்டுகளாகிவிட்ட லயத்து வீட்டின் முகவரியே இருந்தது. யாரும் இல்லாத தோட்டத்து முகவரிக்குக் கடிதம் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று முகவரியை மாற்றிய பிறகுதான் மற்றவை நகர்ந்தன.

இதற்கிடையில் அப்பாவே ஒரு தடையாக இருந்தார். "நான் ஊனம்னு கவர்மெண்டு எழுதிக் கொடுக்கணுமா?" என்று பாரத்தில் கையெழுத்திட மறுத்து இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடன் ஒரே நிரையில் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "அட்டை காலுக்குத்தான்ணே, உங்களுக்கு இல்ல" என்று சொன்ன பிறகே பேனாவைக் கையில் வாங்கினார். நாங்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் நடக்காதது அது.

காகிதங்களுக்காகக் காத்திருந்த காலம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். வெட்டிய இடத்தில் வீக்கம் வற்றாமல் அளவெடுக்க முடியாது. இழுபடும் துணிப்பட்டையை (எலாஸ்டிக் பேண்டேஜ்) 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றும் முறையைப் பிசியோ பிரிவினர் கற்றுத் தந்தார்கள். கயிறு கட்டுவதுபோல் வட்டமாக இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும் என்று எச்சரித்தார்கள். அம்மா பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து வந்ததைக் கண்டு அவர்கள் பதறிப்போனார்கள். மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிட்டால், பிறகு எவ்வளவு விலையுயர்ந்த காலைப் பொருத்தினாலும் நேராக நின்று நடக்க இயலாதாம். மருத்துவர் பாடுபட்டுக் காப்பாற்றிய மூட்டைத் தலையணையால் இழக்க இருந்தோம்.

அட்டை கைக்கு வந்ததும், மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தையும் செயற்கைக் கால் செய்யும் பட்டறையின் விலைக் கடிதத்தையும் இணைத்துச் சமூகநல இலாகாவில் விண்ணப்பித்தோம். பட்டறை கேட்டது 4,800 வெள்ளி (ரிங்கிட்). உதவி போக எஞ்சிய தொகைக்கு மீண்டும் கிள்ளானுக்குச் சென்றபோது, அதே அம்மையார் எங்கள் இருவரின் 3 மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்டார். கோயில் கடிதம் போதாதா என்று தம்பிக்குக் கோபம். ஊர் நம்மை நம்புவது வேறு, நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டுவது வேறு என்பதை அவன் ஏற்க ஒரு வாரம் பிடித்தது. பணத்தை எங்களிடம் தராமல் பட்டறைக்கே நேரடியாகச் செலுத்தினார்கள்.

அந்த அமைப்பு செய்ததில் நான் பெரிதாக மதிப்பது பணத்தை அல்ல. வீட்டைப் பார்வையிட வந்த தொண்டர், வருமானத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு நேரே குளியலறைக்குச் சென்றார். வாசலில் இருந்த ஒரு முழ உயரப் படியையும், குந்தி உட்காரும் கழிப்பறையையும் பார்த்தவர், கால் வருவதற்கு முன்பே இங்கே விழுந்துவிடுவார் என்றார். மறு வாரம் சுவரில் இரும்புக் கைப்பிடியும், கழிப்பறைக்கு மேல் வைக்கும் நாற்காலியும் வந்து சேர்ந்தன. விண்ணப்பத்தில் நாங்கள் கேட்காதவை அவை.

கால் வந்த நாளில் அப்பா நடந்துவிடவில்லை. முதலில் 10 நிமிடம் அணிந்து, கழற்றி, தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனிப்பு நீரால் உணர்ச்சி மரத்தவருக்கு வலி முன்கூட்டி எச்சரிக்காது என்பதால், சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெட்டிய காலின் முனையின் அடிப்பக்கத்தைத் தினமும் இரவில் பார்க்கிறார். மற்ற காலின் பாதத்தையும் அதே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார். இரண்டு கட்டைகளோடு தொடங்கியவர் இப்போது ஒரு கைத்தடியுடன் தெருமுனைக் கடை வரை போய் வருகிறார்.

தசை சுருங்கச் சுருங்க, வெட்டிய காலைத் தாங்கும் செயற்கைக் காலின் உறை (சாக்கெட்) தளர்ந்துவிடுகிறது. முதலில் ஒரு காலுறையுடன் இறுக்கமாக இருந்தது, இன்று மூன்று காலுறை போட்டும் ஆடுகிறது. புதிய உறைக்கான விலைக் கடிதத்தை வாங்க அடுத்த வாரம் பட்டறைக்குச் செல்லவிருக்கிறோம். பழைய கடிதங்களின் நகல்களையெல்லாம் அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார்.