கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடலுக்குள்

2019 பிப்ரவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முதன்முறையாகக் கடலுக்கு அடியில் போனேன். என்ன பார்த்தாய் என்று ஊரில் கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நீலம் பார்த்தேன். அதில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சில பொட்டுகள் நகர்ந்தன. என் வலது கண்ணின் பவர் மைனஸ் ஐந்தரை, இடது நாலே முக்கால். ஐந்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். ஸ்கூபா மாஸ்க்குக்குள் அதைப் போட முடியாது. காதுக்குப் போகும் கம்பி மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கிவிடும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். "தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும், கவலைப்படாதீர்கள்" என்று அழைத்துப் போனவர் சொன்னார். நம்பி இறங்கினேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கு மீட்டரில் இருப்பது மூன்று மீட்டரில் இருப்பது போலவும் தெரியும். மைனஸ் ஒன்று, ஒன்றரை உள்ளவர்கள் இதை வைத்துச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயிற்சியாளரின் கைச் சைகையே புரியவில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள், விரலை வட்டமாக மடக்கினால் 'எல்லாம் நலம்'. இரண்டும் எனக்கு ஒரே மங்கலான கைதான். உடன் வந்த அக்காவுக்கு வேறு சிக்கல். தூரத்து மீனெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் கையிலிருந்த கேஜில் எவ்வளவு காற்று மிச்சம் என்று படிக்க முடியவில்லை. அவளுக்கு வெள்ளெழுத்து.

ஐந்து வருடம் கழித்து, முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கவே இருவரும் அதே தீவுக்கு மறுபடி கிளம்பினோம். இந்த முறை முதலில் போனது கண் மருத்துவரிடம்.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டு டைவ் செய்யலாம் என்றார் அவர். காற்றுப் புகாத பழைய வகைக் கெட்டி லென்ஸ்தான் ஆகாது, மேலே வரும்போது அதன் அடியில் குமிழிகள் சிக்கிப் பார்வை மங்கும். ஆனால் தண்ணீரில் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியை அரித்தால் பார்வையே போகக்கூடும். அதனால் ஒரு நாள் மட்டும் போட்டுத் தூக்கி எறியும் லென்ஸ்தான் நல்லது. பயிற்சியில் மாஸ்க்கை முழுதாகக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார்கள். அப்போது கண்ணை இறுக மூடாவிட்டால் லென்ஸ் கடலோடு போய்விடும். பதற்றத்தில் கண் திறந்துகொள்ளும் ஆள் நான். அதனால் பவர் வைத்த மாஸ்க் என்று முடிவு செய்தேன்.

இரண்டு தனிக் கண்ணாடிகள் உள்ள மாஸ்க்கில் அவற்றைக் கழற்றிவிட்டுப் பவர் கண்ணாடி பொருத்துகிறார்கள். ஆயத்தமாகக் கிடைப்பவை பொதுவாக அரை அரையாக ஏறும், சிதறல் பார்வைக்கான திருத்தம் அவற்றில் இருக்காது. எனக்கு வலதில் சிதறல் பார்வைக்கான முக்கால் சிலிண்டர் பவரும் உண்டு. அதில் பாதியைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறு வரும். ஐந்தரையே போதும், இடதுக்கு நாலரை என்றார் மருத்துவர். பவர் இன்னும் சிக்கலாக இருப்பவர்களுக்கு அவர்கள் அளவுக்கே லென்ஸ் செய்து, மாஸ்க் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக் கொடுக்கிறார்கள். விலை கூடும். அக்காவுக்கு வேலை சுலபமாக முடிந்தது. தண்ணீர் தொட்டு ஒட்டும் அரை நிலா வடிவப் பிளஸ் லென்ஸ் இரண்டு வாங்கி, மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொண்டாள்.

லேசிக் என்ற லேசர் கண் அறுவை செய்துகொண்டவர்கள் குறைந்தது ஒரு மாதமாவது கடலைத் தள்ளிவைக்க வேண்டும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு ஏற்றியிருந்தால் அது முழுதும் கரையும்வரை டைவிங்கும் கூடாது, விமானமும் கூடாது. நீச்சல் கண்ணாடி போட்டு ஆழத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூக்கு வழியாகக் காற்றை ஊதிச் சமன் செய்ய வேண்டும். மூக்கை மூடாத கண்ணாடியில் அதற்கு வழியில்லை, கண்ணை உறிஞ்சி இரத்தம் கட்டிவிடும்.

ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடம். மாஸ்க்கில் எச்சில் தடவிக் கழுவினேன், பனி படியாமல் இருக்க இதுவே போதும். மூக்குக்கண்ணாடியைக் கெட்டிப் பெட்டியில் வைத்துக் கரையில் நின்ற பையனிடம் கொடுத்தேன். பவர் மாஸ்க்காரர்கள் இதை மறக்கவே கூடாது. மாஸ்க்கைக் கழற்றிய நொடியில் மறுபடி ஒன்றும் தெரியாது.

தலை நீருக்குள் போனது. ஒரு கடல் சாமந்தி. அதன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, நுனி சற்று உப்பி, வெளிர் ஊதாவாக. நடுவில் கோமாளி மீன். வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு, பேனாவால் இழுத்தது போல. ஐந்து வருடம் முன்பு நான் பார்த்த ஆரஞ்சுப் பொட்டு இதுதான். மூச்சு விடுவதையே ஒரு கணம் மறந்தேன், டைவிங்கில் அது பெரிய தவறு.

அதே அந்தமான் கடலின் அக்கரையில், தாய்லாந்தின் சுரின் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடி இனத்தின் குழந்தைகள் இருக்கிறார்கள். நீருக்குள் வெறும் கண்ணால், ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுட்பமாகப் பார்க்கிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லன் 2003இல் எழுதினார். கண்மணியை நன்றாகச் சுருக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். யாருக்குமே நீர் பட்டவுடன் கருவிழி ஒளியை வளைக்கும் திறனை ஏறக்குறைய முழுதும் இழந்துவிடுகிறது. மாஸ்க்குக்குள் இருக்கும் அந்தக் கையளவு காற்றுதான் நம் பார்வையைத் திருப்பித் தருகிறது.

நான்காம் நாள், சான்றிதழுக்கான கடைசி டைவ். ஆழம் 14 மீட்டர். பயிற்சியாளர் திரும்பி எங்கள் இருவரிடமும் காற்று எவ்வளவு என்று சைகையில் கேட்டார். அக்கா கேஜை முகத்துக்குக் கீழே கொண்டுவந்து, ஒட்டிய லென்ஸ் வழியாகப் பார்த்து, விரல்களால் காட்டினாள்: நூற்றுப் பத்து பார் அழுத்தம். நானும் குனிந்து பார்த்தேன். முள் தொண்ணூறில் நின்றது. ஒன்பது விரல் காட்டினேன். அவர் விரலை வட்டமாக மடக்கிக் காட்டிவிட்டுக் கரைப்பக்கம் திரும்பினார்.