இருப்பாய்வு சரியாக வந்த பிறகு

கணக்குப்பதிவியல் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், பள்ளி விட்ட பிறகும் என் வகுப்பறை காலியாக அரை மணி நேரமாவது ஆகும். நடந்த வரிசையில் குறிப்பேட்டில் பதிந்ததைக் கணக்குவாரியாகப் பேரேட்டுக்கு எடுத்தெழுதி, ஒவ்வொரு கணக்கையும் இருப்புக் கட்டி, பற்று நிலுவைகளை ஒரு பத்தியிலும் வரவு நிலுவைகளை மறு பத்தியிலும் எழுதிக் கூட்டும் இருப்பாய்வு என்ற சோதனையில், இரண்டு கூடுதலும் ஒன்றாக வந்தவர்கள் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வராதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாணவிக்கு 180 வித்தியாசம் வந்தது. அதை, காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். இரண்டால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஏதாவது ஒரு தொகை தவறான பக்கத்தில் ஏறியிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்காக வரும் என்பதால், 90 என்ற எண் எங்கேயாவது இருக்கிறதா என்று அவள் ஏடு முழுவதும் தேடினாள், இல்லை. ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். மீதியில்லாமல் வகுபட்டது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பதை முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தேன். மறுபடியும் முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தவள், கொள்முதல் கணக்கில் நின்றாள். 7,860 என்று இருக்க வேண்டியதை 7,680 என்று எழுதியிருந்தாள். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தப் பிழை முதல் ஐந்து நிமிடத்திலேயே என் கண்ணில் பட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பதால் வகுக்கும் அந்த வித்தையை வேலைக்குப் போன பிறகு ஒருநாள்கூடப் பயன்படுத்தவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவை அவளுடைய மென்பொருள் ஏற்றுக்கொள்வதே இல்லை. விலைப்பட்டியல்களை இயந்திரமே படிக்கிறது, தானே பதிந்துகொள்கிறது, சந்தேகம் வந்தவற்றுக்கு மட்டும் சிவப்புக் குறி போட்டு அவளிடம் அனுப்புகிறது. அப்படியானால் உனக்கு என்னதான் வேலை என்று கேட்டேன். குறி போடாதவற்றைப் பார்ப்பதுதான் என் வேலை என்றாள். ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவைப் புதிய சொத்து வாங்கியதாக மென்பொருள் பதிந்திருந்ததையும், எல்லாக் கூடுதலும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிருந்ததையும், அந்த மாத லாபம் மட்டும் காரணமில்லாமல் ஊதியிருந்ததையும் அவள் விவரித்தபோது, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் கடந்துபோகும் விதிப்பிழை, அதாவது கொள்கையிலேயே தவறான பதிவு, என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் உண்டா என்று எனக்கே தோன்றியது.

இருப்பாய்வு சரியாக வந்தால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. கணக்குப்பதிவியல் ஆசிரியர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் சொல்லும் வாக்கியம் இது. விடுபட்ட பதிவையும், ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் பிழைகளையும், கொள்கையிலேயே தவறான பதிவையும் இருப்பாய்வு காட்டாது. இன்றைய வேலை உலகில் நடந்திருக்கும் மாற்றத்தை என்னிடம் கேட்டால் இந்த வாக்கியத்தை வைத்துத்தான் சொல்லுவேன்: தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பிழைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது, காட்டிக்கொடுக்காத பிழைகள் மனிதருக்கு மிஞ்சியிருக்கின்றன.

எந்தெந்த வேலைகள் ஒழியும் என்ற கணிப்புகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் வேலைகளில் 47 சதவீதம் கணினிமயமாகும் ஆபத்தில் இருப்பதாக ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் கணக்கிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காகச் செய்யப்பட்ட ஆய்வு 21 நாடுகளின் சராசரியாக 9 சதவீதம் என்றது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இங்கே இலக்கம் எதுவும் இடம் மாறவில்லை. முதல் ஆய்வு ஒரு தொழிலை மொத்தமாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர் ஒரு நாளில் செய்யும் காரியங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. இரண்டாவது முறைதான் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பது என் கருத்து. 1967இல் லண்டனில் முதல் தானியங்கிப் பண இயந்திரம் வைக்கப்பட்டபோது வங்கிக் காசாளர்களின் காலம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அமெரிக்காவிலோ அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குக் காசாளர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதைப் பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் பெஸன் எடுத்துக்காட்டியிருக்கிறார். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் பெருகின, காசு எண்ணும் வேலை போய் வாடிக்கையாளரோடு பேசும் வேலை வந்தது. மறுபுறம், கம்ப்யூட்டர் என்பதே ஒருகாலத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரின் பதவிப் பெயராக இருந்தது. அந்தப் பதவியில் இன்று யாரும் இல்லை. இரண்டுமே நடக்கும்.

என் பாடத்தை அடியோடு மாற்றிய கருவி பிறந்த இடம் ஒரு வகுப்பறை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், ஒரு பேராசிரியர் கரும்பலகையில் நிதிக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த மற்ற எண்களையெல்லாம் பேராசிரியர் ஒவ்வொன்றாக அழித்து எழுத வேண்டியிருந்தது. இதைத் தானே செய்துகொள்ளும் பலகை இருந்தால் எப்படி என்ற யோசனைதான், நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் அவர் வெளியிட்ட விசிகால்க் என்ற, தனிநபர் கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளாயிற்று. அந்தப் பேராசிரியருக்கு அன்று கை வலித்திருக்கும். ஆனால் எந்த எண் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை, அவர் அழித்து எழுதிய வரிசையைப் பார்த்தே வகுப்பு தெரிந்துகொண்டிருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியரின் வேலையையும் இப்படிக் காரியங்களாகப் பிரித்தால் பாடத்தை எடுத்துச் சொல்வது ஒரு காரியம். அதை இயந்திரம் செய்யும். பல வேளைகளில் என்னைவிட நன்றாகவே செய்யும். எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. இதில் பதறுவதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் இந்த வேலைக்கு ஆள் வந்துவிட்டதாகப் பலமுறை அறிவித்திருக்கிறார்கள். பள்ளிகளில் புத்தகங்களுக்குச் சீக்கிரமே இடமில்லாமல் போய், திரைப்படத்தால் பத்தே ஆண்டுகளில் பள்ளி முறையே அடியோடு மாறிவிடும் என்று 1913இல் தாமஸ் எடிசன் சொன்னார். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் இயந்திரத்தையே செய்து காட்டினார். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டுத் திரை வழியே பாடம் நடத்தியபோது, பாடம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. யாருடைய பென்சில் எந்த வரியில் நின்றுவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு பென்சிலும் தேவையில்லாமல் போனது. சென்ற ஆண்டு ஒரு பயிற்சியில், புதிய இயந்திரம் ஒன்றை நிறுவுவதற்குக் கொடுத்த கூலி என்ற பதிவை வழக்கமான பொறியாக வைத்திருந்தேன். அதைக் கூலிக் கணக்கில் எழுதக்கூடாது, இயந்திரத்தின் அடக்க விலையோடு சேர்க்க வேண்டும். நான்கு பேர் கூலிக் கணக்கில் எழுதியிருந்தார்கள். நான்கு பேருடைய இருப்பாய்வும் சரியாக வந்திருந்தது. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஏன் இங்கே எழுதினாய் என்று கேட்டேன். ஒரு பையன், கூலி என்று போட்டிருந்ததே சார் என்றான். மற்ற மூவரும், அப்படித்தான் வந்தது என்றார்கள்.

தாளில் பார்த்தால் நான்கும் ஒரே பிழை. ஆனால் அந்தப் பையனின் பிழைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறான். அந்தக் கூலியைக் கொடுக்காமல் இயந்திரம் ஓடியிருக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதும் அவன் தலையை நிமிர்த்தினான். காரணமுள்ள பிழையில் ஆசிரியருக்குப் பிடி கிடைக்கிறது. அப்படித்தான் வந்தது என்ற பதிலில் எங்கே பிடிப்பது? அந்த மூவரையும் நான் குறை சொல்லவில்லை. பதினாறு வயதில் அப்படி ஒரு கருவி கையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் திருத்துவது என்ற வேலை அன்றோடு எனக்கு மாறிவிட்டது. விடைத்தாளைப் பார்த்து மாணவரின் மனம் போன வழியை ஊகிக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை ஆண்டுகள் சிவப்பு மையைச் செலவழித்தேன். அந்த நம்பிக்கை போன பிறகு, ஒவ்வொருவரிடமும் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. கணிதப் பயிற்சியின்போது ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அப்படியே பயன்படுத்திய மாணவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் இன்னும் மேலே போனார்கள், தேர்வில் அந்தச் சரிவும் பெரும்பாலும் ஏற்படவில்லை. இந்த மூன்றாவது கருவிக்கு, மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்கள், அங்கே என்ன குறிப்புக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். எப்போது சொல்வது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் சரக்கு என்று நான் சொன்னால் சுயநலமாகத் தெரியும். இந்த ஆய்வு சொல்வதால் துணிந்து எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் ஆற்றாமை. எழுத்தர் வேலையை உலகத்திலிருந்து ஒழிப்பதாகச் சொல்லி வந்த கணினி, அதை ஆசிரியரின் மேசையில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. வருகையைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதையே செயலியிலும் ஏற்ற வேண்டும். மதிப்பெண்ணை ஒரு தளத்தில் பதிந்துவிட்டு, அதே மதிப்பெண்ணை வேறொரு விரிதாளில் வேறொரு வடிவத்தில் நிரப்ப வேண்டும். பாடம் நடத்தினால் போதாது, நடத்தியதற்குப் புகைப்படம் வேண்டும். என் பழைய மாணவியின் அலுவலகத்தில் எந்த மனிதரும் செய்யாத தரவுப் பதிவு வேலையை, அவளுக்குக் கணக்குக் கற்பித்த நான் இரவு பத்து மணிக்குச் செய்துகொண்டிருக்கிறேன். 2030க்குள் உலகம் முழுவதும் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பதிலாக நிரப்பப்பட வேண்டியவை. ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இந்த இரவு பத்து மணி அவற்றில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் முழு மனதோடு கொடுக்கத் தயாராக இருக்கும் வேலை இதுதான்; இதை மட்டும் அது எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இந்த ஆண்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு வகுப்புகளை மாற்றி அமைத்திருக்கிறேன். மாணவர்கள் கணக்குப் போடுவதில்லை. ஒரு கற்பனை நிறுவனத்தின் முடித்த கணக்குகளை, எல்லாக் கூடுதல்களும் பொருந்திய நிலையில், நானே கரும்பலகையில் எழுதிவிடுவேன். பிழைகளை உள்ளே ஒளித்து வைத்திருப்பேன். கண்டுபிடித்தவர் எழுந்து, எது பிழை என்பதோடு அது ஏன் பிழை என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை பிழை சார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். சொல்வதில்லை.

போன வாரம் நான்கு பிழைகள் வைத்திருந்தேன். நான்கும் வெளியே வந்த பிறகு, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் இன்னொன்று இருக்கிறது என்றாள். இல்லை, நான்குதான் என்று என்னை மீறி வாயை விட்டுவிட்டேன். அவள் உட்காரவில்லை. இயந்திரம் வாங்கிய தேதியைப் படித்துக் காட்டி, ஆண்டின் பாதியில் வாங்கியதற்கு முழு ஆண்டுத் தேய்மானம் எப்படி வரும் சார் என்றாள். நான் வைத்த பிழை அல்ல அது; நானாகச் செய்த பிழை. வகுப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. துடைப்பானை எடுத்துத் தேய்மானத்தை அழித்துப் பாதியாக்கினேன். அதனால் இயந்திரத்தின் மதிப்பு மாறியது, நிகர லாபம் மாறியது, உரிமையாளரின் முதல் மாறியது, இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு கூடுதல்களும் மாறின. ஒவ்வொன்றையும் அழித்து எழுதும்போது அடுத்து எது மாறும் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன, மணி அடிக்கும் வரை.