குரூப் 4 படிப்பில் மலைப்பு வரும்போது

தமிழ்நாடு அரசுப் பணிகளுக்காக டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்கள், அதற்கு மேல் அகாடமி கைடு, டெலிகிராமில் நாள்தோறும் வந்து விழும் பிடிஎஃப், நடப்பு நிகழ்வுகள் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றால் யாருக்கும் மலைப்புத் தட்டும். எனக்கு அது படபடப்பாகவே வந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், எதுவும் மண்டையில் ஏறாது. படுத்தால் தூக்கமும் வராது.

அந்த நேரத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காரச் சொல்லித்தான் பலரும் அறிவுரை தருவார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். முதலில் கேள்வித்தாளின் அமைப்பை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆக, தேர்வில் சரிபாதி தமிழ். மனம் சரியில்லாத நாளில் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் தள்ளி வைத்துவிட்டு இலக்கணத்தில் ஒரு தலைப்பு, தனிவட்டியிலோ மீச்சிறு பொது மடங்கிலோ (மீ.சி.ம.) ஐந்து கணக்கு, இவ்வளவு செய்தால் போதும். அந்த நாள் வீணாகவில்லை என்று தெரிந்தாலே இரவில் தூக்கம் வரும்.

அடுத்து, டெலிகிராம் குரூப்புகளிலிருந்து வெளியே வாருங்கள். யார் எத்தனை முறை ரிவிஷன் முடித்தார்கள், கட் ஆஃப் எவ்வளவு போகும் என்ற பேச்சு ஒரு மதிப்பெண்கூடத் தராது, பயத்தைத்தான் தரும். ஒரு பாடத்துக்குப் பள்ளிப் புத்தகம் ஒன்றே போதும். அதோடு முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். டெஸ்ட் பேட்ச் எனப்படும் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் குறைந்தால், எந்தத் தலைப்பில் தவறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுநாள் புரட்டினால் ஆயிற்று.

வீட்டிலும் பேசிவிடுங்கள். "எப்பம்மா வேலை கிடைக்கும்?" என்று உறவினர்கள் கேட்பதை நம்மால் நிறுத்த முடியாது. அம்மாவிடமோ அண்ணனிடமோ "எனக்கு ரொம்பப் பாரமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல முடியும். சொன்னபின் வீட்டார் நம்மைப் பார்க்கும் விதமே மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, படிப்பை ஓரமாக வைத்துவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். தேர்வை அடுத்த அறிவிப்பிலும் எழுதிக்கொள்ளலாம்.

தேர்வறையிலும் மலைப்பு வரலாம். அங்கே தமிழிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த கேள்விகள் அடுத்தடுத்து வர, கை நடுக்கம் அடங்கும். கணக்கில் மாட்டிக்கொண்டால் அந்த எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் வந்து பார்த்துக்கொள்ள நேரம் இருக்கும்.