வெள்ளியங்கிரி: பங்குனி, சித்திரையில் ஏறும் நண்பர் கூட்டத்துக்கு

கோயம்புத்தூர் பக்கத்தில், ஏழு மலைகளைக் கடந்து உச்சிக்குப் போகும் வெள்ளியங்கிரிக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் கேட்பது, மேலே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்றுதான். அதைவிட முக்கியம், எத்தனை மணிக்கு அடிவாரம் திரும்பியிருக்க வேண்டும் என்பது. இந்த மலையில் ஆட்கள் அவதிப்படுவதில் பாதி, இறங்கும்போது வெயில் உச்சியில் நிற்பதால் வருவது. சித்திரை பிறந்துவிட்டால் பிற்பகலில் இடியும் கோடை மழையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மதியம் ஒரு மணிக்கு அடிவாரமான பூண்டியில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இறங்க நான்கு மணி நேரம், உச்சியில் ஒரு மணி நேரம், ஏற ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். அதிகாலை இரண்டு மணிக்கு முதல் படியில் கால் வைத்தால் கணக்கு சரியாக வரும்.

பலர் இரவு ஒன்பது, பத்து மணிக்கே ஏறத் தொடங்குகிறார்கள். அப்படிப் போனால் மூன்று, நான்கு மணிக்கே உச்சியில் இருப்பீர்கள். வியர்வையில் ஊறிய சட்டையோடு, மரமே இல்லாத மொட்டை மலையில், அடிக்கும் காற்றில் சூரியன் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். உடல் விறைத்து, தசை இறுகி, அந்தக் காலோடுதான் இறங்கவும் வேண்டும். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கே படுத்து ஐந்து மணி நேரமாவது தூங்கிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

இரண்டு மணிக் கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் நான்கு மலைகள் பெரும்பாலும் மரநிழல் உள்ள காடு. அவற்றை இருட்டிலேயே கடந்துவிடலாம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் புல்வெளி, நிழலே கிடையாது. சரியாக விடியும் நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருப்பீர்கள், மலையின் முழு அழகும் கண்ணுக்குக் கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து பூண்டி சுமார் 35 கிலோமீட்டர். போளுவாம்பட்டி வனச்சரகம் யானைகளின் நடமாட்டம் உள்ள பகுதி. இரவில் இருசக்கர வாகனத்தில் வர வேண்டாம், வேனோ காரோ எடுங்கள். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், பிளாஸ்டிக் உறை எதுவும் மேலே போகாது. காய்ந்த புல் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி தீ விபத்தே போதும், சோதனையில் முகம் சுளிக்காதீர்கள். பிஸ்கட்டைக் காகிதத்திலோ துணிப்பையிலோ மாற்றிக்கொண்டு வந்தால் வரிசையில் நேரம் மிச்சம். பெண்கள் ஏறுவதில் இங்கே வயதுக் கட்டுப்பாடு வழக்கத்தில் இருந்துவருகிறது. தோழிகளும் சேர்ந்த கூட்டமென்றால் வனத்துறையிடம் முன்னதாகவே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். நெஞ்சு உயரத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஏறும்போது இது பெரிதாகத் தோன்றும். இறங்கும்போது ஒரு படி கீழே ஊன்ற வேண்டுமே, அதற்குத்தான் இந்த நீளம். நுனி கணுவில் முடிந்திருக்கிறதா, நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கணு இல்லாத நுனி கல்லில் தட்டித் தட்டிப் பிளந்துவிடும்.

ஏழில் முதல் மலைதான் ஆளைச் சாய்ப்பது. வெள்ளை விநாயகர் கோயில் வரை உயரம் ஒவ்வாத கற்படிகள், மூச்சு வாங்க ஒரு சமதளம் கிடைப்பதே அரிது. புதுத் தெம்பில் ஓடி ஏறுகிறவர்கள்தான் இரண்டாம் மலையில் வாந்தியெடுத்து உட்கார்கிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதே அளவுகோல். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லையென்றால் வேகம் அதிகம். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவரைக் கடைசியில் விட்டால், அவர் வந்து சேரும்போது ஓய்வெடுத்து முடித்த மற்றவர்கள் கிளம்புவார்கள், ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு மட்டும் அது கிடைக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்றால் போதும். நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மறுபடி சூடேற நேரமாகும்.

இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்களை "மெதுவா வந்துடலாம் வாடா" என்று இழுத்துவராதீர்கள். இந்த மலையில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன, மேலே மயங்கி விழுந்தவரை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கை வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சு, இதில் எது வந்தாலும் அங்கேயே பயணம் முடிந்தது. அவரைத் தனியே அனுப்பாமல் ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கீழிருந்தே எடுங்கள். இரண்டாம் மலையில் பாம்பாட்டிச் சுனை, மூன்றாவதில் கைதட்டிச் சுனை. வெயில் ஏற ஏறச் சுனை மெலியும், வரிசை நீளும். கைதட்டிச் சுனையில் நிரப்பிக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள், அடுத்து நம்பத் தகுந்தது ஏழாம் மலையடியில் உள்ள ஆண்டிச் சுனைதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். அவசரத்தில் கால் லிட்டரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், பேரீச்சை நல்லது. தயிர்சாதம் இந்த வெயிலில் புளித்துவிடும். ஆண்டிச் சுனையில் குளிப்பதாக இருந்தால் உச்சியிலிருந்து திரும்பும்போது குளியுங்கள். ஏறும்போது குளித்து, ஈரத் துணியோடு ஏழாம் மலைக் காற்றில் நின்றால் நடுக்கம் பிடித்துவிடும், தொடையும் உரசிப் புண்ணாகும்.

இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசையில் நுண்ணிய சேதம் உண்டாவது இதில்தான், அதனால்தான் வலி அன்றைக்கு இல்லாமல் இரண்டாம் நாள் உச்சம் தொடும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடித்தபடி பாதத்தை வையுங்கள். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். ஓடி இறங்கினால் மூன்றாம் மலை வரும்போதே கால் நடுங்க ஆரம்பித்துவிடும், அதற்குக் கீழேதான் செங்குத்தான படிகள் காத்திருக்கின்றன. ஏழில் ஒன்றான, வெண்மையான பொடிமண் உள்ள விபூதி மலையில் சறுக்கும், அங்கே குதிகாலை அழுத்தி வையுங்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டி, இறங்குமுன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் நழுவி விரல் ஷூவில் மோதுவதால்தான் நகம் கறுக்கிறது.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். கைப்பேசி விளக்கைப் பிடித்தால் ஒரு கை போய்விடும், உச்சியில் படமெடுக்க சார்ஜும் இருக்காது.

திரும்பும்போது வண்டி ஓட்டுபவர் மலை ஏறாதவராக இருக்க வேண்டும். பத்து மணி நேரம் நடந்த காலால் கிளட்ச் மிதிக்க முடியாது, அரைத் தூக்கத்தில் சாலையும் தெரியாது. ஓட்டுநர் இல்லையென்றால் பூண்டியிலிருந்து காந்திபுரத்துக்குப் பேருந்து இருக்கிறது.