32.6 லட்சம் கோடி டாலர் யாருடைய செலவு?

2020 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகும் வாய்ப்புக்காக உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் 'அனைவருக்கும் மெடிகேர்' திட்டத்தை, அதாவது தனியார் காப்பீட்டுக்குப் பதிலாக எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் திட்டத்தைப் பற்றிய பேச்சு, "பணத்துக்கு எங்கே போவது?" என்ற ஒரே கேள்வியோடு முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அமைப்பான மெர்கேட்டஸ் மையம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தால் பத்தாண்டுகளில் மத்திய அரசின் செலவு சுமார் 32.6 லட்சம் கோடி டாலர் கூடும் என்று கணித்தது. மலைக்க வைக்கும் அந்தத் தொகையையே பலரும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் மருத்துவமனைகளுக்குத் தர சாண்டர்ஸின் மசோதா சொல்லும் குறைந்த கட்டணங்கள் அப்படியே நடைமுறைக்கு வந்தால், நாட்டின் மொத்த மருத்துவச் செலவு ஏறத்தாழ 2 லட்சம் கோடி டாலர் குறையும் என்பதும் அதே ஆய்வின் கணக்கில் இருந்தது.

இந்தச் செலவு ஏற்கெனவே மக்கள் தலையில்தான் விழுகிறது. வேலை பார்க்கும் நிறுவனங்கள் வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 2019இல் 20,576 டாலர். அதில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தமாவது 6,015 டாலர்தான். மீதியை நிறுவனம் கட்டுகிறது. அது சம்பள உயர்வாகக் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம் என்றே பொருளியலாளர் பலரும் கருதுகிறார்கள். அதை யாரும் வரி என்று அழைப்பதில்லை.

அதற்காகச் சாண்டர்ஸைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியார் காப்பீட்டைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமனைகள் தாக்குப்பிடிக்குமா என்பது நியாயமான கேள்வி. அதே வாய்ப்புக்குப் போட்டியிட்ட எலிசபெத் வாரன், 2019 நவம்பரில் இத்திட்டத்துக்குத் தன் கணக்குப்படி ஆகும் 20.5 லட்சம் கோடி டாலர் புதிய செலவுக்கான வருவாய் எந்தெந்த வழியில் எவ்வளவு வரும் என்று காட்டினார். சாண்டர்ஸோ பெரும்பாலும் வழிவகைகளின் பட்டியலோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அவர்மீதுள்ள குறை அதுதான்.