ஒரே இலை, நாலு விதமான பேக்டரி

நீலகிரியில் எங்கே போனாலும் அதே தேயிலைச் செடிதான், ஆனால் அதைத் தூளாக்கி விற்கிற ஏற்பாடு நாலு விதம். தோட்டம், ஆட்கள், பேக்டரி எல்லாம் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனி எஸ்டேட். தமிழ்நாடு அரசு நடத்தும் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ. சிறு விவசாயிகளே உறுப்பினர்களான இன்கோசர்வ் கூட்டுறவு பேக்டரிகள். அப்புறம் பச்சை இலையை விலைக்கு வாங்கி ஓட்டுகிற தனியார் பேக்டரிகள். போட்டியில் திறமையானதுதான் மிஞ்சும் என்று கல்லூரியில் படித்தோம். அது உண்மையானால் இத்தனை வருஷத்தில் இவற்றில் மூன்று காணாமல் போயிருக்க வேண்டாமா?

பொருளாதாரம் ஏன் பரிணாமம் பேசுவதில்லை என்று வெப்லன் என்ற பொருளாதார அறிஞர் 1898லேயே கேட்டுவிட்டார். முதலாளி கணக்குப் போட்டுச் செய்தாலும் சரி, குருட்டாம்போக்கில் செய்தாலும் சரி, லாபம் வந்தவர்தான் நிற்பார் என்று 1950ல் ஆல்சியன் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் சொன்னார். 1982ல் அதே துறையைச் சேர்ந்த நெல்சனும் வின்டரும், ஒரு நிறுவனத்தில் ஊறிப்போன பழக்கங்கள்தான் அதற்கு மரபணு மாதிரி என்றார்கள். எனக்கு இவர்கள் சொன்னதுதான் பிடிக்கும், எந்தக் காரணத்துக்காகப் பிறந்ததோ அதை ஒரு நிறுவனம் கடைசிவரை சுமந்துகொண்டே போகும் என்பது இதை வைத்துத்தான் எனக்குப் புரிகிறது.

டேன்டீயைப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் 1964ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அது வனத்துறையின் கீழ் ஆரம்பமானது, 1976ல்தான் கம்பெனி ஆனது. லாபக் கணக்கை மட்டும் வைத்து அதை எஸ்டேட்டோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டுறவின் கதை வேறு. பறித்த இலை தாங்காது, அன்றன்றைக்கே பேக்டரிக்குப் போயாக வேண்டும், அதனால் அரை ஏக்கர் வைத்திருப்பவர் நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது, பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பேக்டரி என்றால் அவன் சொன்னதுதான் விலை. அதற்கு மாற்றாகத்தான் 1960களில் கூட்டுறவு பேக்டரிகள் வந்தன, 1965ல் அவற்றின் கூட்டமைப்பாக இன்கோசர்வ் உருவானது.

ஆனால் உறுப்பினர்கள் எல்லா இலையையும் அங்கே போடுவதில்லை. தனியார் ஏஜென்ட் வாசலுக்கே வண்டி கொண்டு வருவார், பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டுமென்றால் அட்வான்ஸும் கொடுப்பார். எங்கள் வீட்டு இலையே கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்றுதான் போகிறது. துரோகம் என்று கூட்டங்களில் திட்டுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் தனியாரிடமே போய்விட்டால் அவர்கள் விலையை இறக்குவார்கள், உடனே கூட்டுறவின் அருமை தெரியும். எல்லோரும் கூட்டுறவுக்கே வந்தால் இலை தேங்கி பேக்டரி திணறும், உடனே ஏஜென்ட்டைத் தேடுவோம். ஒன்று பெருகப் பெருக மற்றதற்கு இடம் உண்டாகிறது. உயிரியலிலும் இரண்டு வகைகள் ஒன்றையொன்று அழிக்காமல் நிலைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

பல விதங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இங்கே புதிதில்லை. இதே மலையில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கேயே வாழ்ந்த சமூகங்களில் தோடர் நெய்யும், கோத்தர் மண்பானையும் இரும்புச் சாமானும், படகர் தானியமும், குறும்பர் காட்டுப் பொருளும் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், பெரும்பாலும் காசில்லாமல், குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை உறவாக. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. கடையும் காசும் வந்ததும் அது மெல்லத் தேய்ந்தது.

இந்தப் பரிணாமப் பேச்சில் எனக்கு ஒரு சண்டை மட்டும் உண்டு. எது நிற்கும் எது போகும் என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். டேன்டீ தோட்டங்களில் ஒரு பகுதியை மறுபடி வனத்துறைக்கே கொடுப்பதென்று 2022ல் முடிவெடுத்தது அரசு. நஷ்டம் என்றுதான் காரணம் சொன்னார்கள், ஆனால் சம்பளம், வீடு, மருத்துவம் எல்லாம் அந்த நஷ்டக் கணக்கில்தான் வருகிறது, அந்தச் செலவுக்காகத்தானே அதை ஆரம்பித்ததே. இதைச் சந்தை சொன்ன தீர்ப்பு என்றால் கூடலூர், பந்தலூர் பக்கம் லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும்தான்.