வேக்குவம் ஹோஸ் மாத்தப்போறீங்களா? சிலிகான் வாங்குறதுக்கு முன்னாடி

பழைய கார்பரேட்டர் காரு, ரெண்டு மாசமா ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி எறங்கிட்டே இருந்துச்சு, பாத்தா சின்ன வேக்குவம் ஹோஸ் (இன்ஜினோட உறிஞ்சுற இழுவைய மத்த பாகங்களுக்கு கொண்டுபோற குழாய்) ஒண்ணு மொனைல வெடிச்சுப் போயிருக்கு. கடைல கலர் கலரா சிலிகான் ஹோஸ் காட்டுனாங்க. சிலிகான் சூடு நல்லா தாங்கும், 200 டிகிரி வரைக்கும்கூட, ஆனா பெட்ரோல், ஆயில் பட்டா ஊதி மெத்துன்னு ஆயிடும், அதனால பிசிவி லைனுக்கு (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆயில் ஆவிய திரும்ப உள்ள இழுக்குற குழாய்) அத போடவே போடாதீங்க, இபிடிஎம் ரப்பருக்கும் இதே பிரச்சினைதான். அங்க நைட்ரைல் ரப்பர் போடலாம், ரொம்ப சூடான எடம்னா எஃப்கேஎம்னு ஒரு ரப்பர் இருக்கு, வெல கூடத்தான் ஆனா நிம்மதி. நான் டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் லைனுக்கு (ஸ்பார்க் வர்ற நேரத்த மாத்துற வேக்குவம் குழாய்) மட்டும் சிலிகான் எடுத்தேன், அதுவும் கனமான சுவர் உள்ளதா பாத்து, மெல்லிசா இருந்தா வேக்குவம் இழுக்கும்போது சப்பிக்கும். பிரேக் பூஸ்டருக்கு (வேக்குவத்தால பிரேக் மிதிக்க பலம் குடுக்குற பாகம்) மட்டும் தயவுசெஞ்சு அதுக்குன்னே வர்ற நூல் பின்னுன ஹோஸ் வாங்குங்க.